தாய்மாரைக் காத்த டாக்டர் ஐடா ஸ்கடர்

இளங்கலை வரலாறு – மூன்றாம் ஆண்டு மாணவி

வரலாறு என்றவுடன் நம் நினைவுக்கு வருவோர் மன்னர்களும் படைத்தலைவர்களுமே ஆவர். வாள் எடுத்தவர்களைப் பற்றி நாம் படித்த அளவுக்குத் தொப்புள்கொடி அறுத்தவர்களைப் பற்றிப் படித்ததில்லை. மூன்றாண்டுகளாக வரலாறு பயிலும் எனக்கும் இந்த எண்ணம் தானாகத் தோன்றவில்லை. அதைத் தோற்றுவித்தவர் என் ஆச்சி.

சங்கரன்கோவிலுக்குக் கிழக்கே உள்ள கரிசல் ஊர் ஒன்று என் ஊர். என் ஆச்சி அவ்வூரிலும் அக்கம்பக்கத்துச் சிற்றூர்களிலும் ஒரு காலத்தில் பேறு பார்த்த மருத்துவச்சி. இப்போது எண்பது வயதைத் தாண்டிவிட்டார். என் பெரியம்மாவின் மகள், நான் அக்கா என்று அழைப்பவள், செவிலியர் படிப்பையும் பேறுகாலப் பயிற்சியையும் முடித்தவள். ஆப்பிரிக்க நாடு ஒன்றில், மருந்தும் கருவியும் போதாத மருத்துவமனையில், ஓராண்டுக் காலம் ஊதியமின்றிப் பேறு பார்க்க அவளுக்கு வாய்ப்பு வந்தது. வீடு இரண்டுபட்டது. நம் ஊரில் இல்லாத நோயாளிகளா, கடல் கடந்து போய்ச் சம்பளமில்லாமல் ஏன் உழைக்க வேண்டும் என்று பெரியப்பா கேட்டார். அக்காவுக்கு விடை சொல்லத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை.

அந்த விடையைத் தேடிய நாட்களில்தான் டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மையாரின் வாழ்க்கையைப் படித்தேன். வேலூர் ஆஸ்பத்திரியை அறியாதவர் தமிழ்நாட்டில் இல்லை. நம் பக்கத்திலிருந்தும் கையில் சோற்றுப் பொட்டலத்தோடு அங்கே ரயிலேறியவர்கள் பலர். அதை எழுப்பியவர் ஓர் அமெரிக்கப் பெண்மணி. அவரை இந்த மண்ணில் நிறுத்தியது மூன்று தாய்மாரின் பேறுகால மரணம். அவ்வரலாற்றை நம் கல்லூரி நண்பர்களோடு பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

பிறப்பும் குடும்பமும்

ஐடா சோபியா ஸ்கடர் 1870ஆம் ஆண்டு டிசம்பர் 9ஆம் நாள் இராணிப்பேட்டையில் பிறந்தார். அவருடைய தாத்தா ஜான் ஸ்கடர் 1819இல் அமெரிக்காவிலிருந்து கப்பலேறி இலங்கைக்கு வந்து, யாழ்ப்பாணத்தில் மருத்துவமும் சமயப் பணியும் செய்தவர். பின்னர் 1836இல் சென்னைக்கு வந்தார். அவருடைய ஆண்மக்களும் அவ்வழியே நடந்தனர். அவர்களுள் ஒருவரான இரண்டாம் ஜான் ஸ்கடரே ஐடாவின் தந்தை. தாயார் பெயர் சோபியா.

ஐடா சிறு குழந்தையாக இருந்தபோது 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைத் தாது வருடப் பஞ்சம் வாட்டியது. பசித்து எலும்பும் தோலுமாக வந்த பிள்ளைகளுக்கு உணவு கொடுக்கும் வேலை அந்த வீட்டிலும் நடந்தது. பிச்சுப்போட்ட ரொட்டியைத் தம் வயதுப் பிள்ளைகளின் கையில் வைத்தவர் ஐடா. அந்தக் காட்சி அவர் மனத்தில் நிலைத்தது. ஆனால் அது அவரை இந்தியாவை நோக்கி இழுக்கவில்லை. விலகி ஓடவே செய்தது.

1878இல் குடும்பம் அமெரிக்கா சென்றது. பின்னர்ப் பெற்றோர் இந்தியா திரும்ப, ஐடா உறவினர் வீட்டில் விடப்பட்டார். தாய் தந்தையைப் பிரிந்த வருத்தம் பெரிது. மாசசூசெட்ஸ் மாநிலத்தில் நார்த்ஃபீல்டு பள்ளியில் படித்தபோது, அவர் கனவெல்லாம் அமெரிக்காவிலேயே திருமணம் செய்து வசதியாக வாழ்வதுதான். ஸ்கடர் குடும்பத்தில் பிறந்தவர்கள் எல்லாரும் இந்தியாவுக்குத்தான் போக வேண்டும் என்ற எழுதாத சட்டத்தை அவர் ஏற்கவில்லை.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், பெரியவர்களின் வரலாற்றை எழுதுவோர் அவர்கள் பிறக்கும்போதே தொண்டுள்ளத்தோடு பிறந்ததாக எழுதிவிடுகின்றனர். ஐடா அவ்வாறு பிறக்கவில்லை. அவரும் நம்மைப் போல் சுகமான வாழ்வை விரும்பிய ஒரு பெண்ணே.

திண்டிவனத்தில் ஓர் இரவு

தாயார் நோயுற்றார் என்ற செய்தி வரவே 1890இல் ஐடா திண்டிவனத்துக்கு வந்தார். தாயாரைக் கவனித்துவிட்டுத் திரும்பிவிடுவதே எண்ணம். அங்கே தங்கியிருந்த காலத்தில் ஓர் இரவு அவர் வாழ்வைப் புரட்டிப் போட்டது.

ஓர் அந்தணர் வந்து கதவைத் தட்டினார். அவருடைய இளம் மனைவி பிள்ளை பெற முடியாமல் உயிருக்குப் போராடிக்கொண்டிருந்தாள். ஐடா தம் தந்தையார் மருத்துவர் என்றும் அவர் உடனே வருவார் என்றும் கூறினார். வந்தவரோ, தம் வீட்டுப் பெண்ணை வேற்று ஆடவர் தொடுவதை ஏற்க முடியாது என்றும் ஐடாவே வர வேண்டும் என்றும் வேண்டினார். ஐடா மருத்துவம் படித்தவரல்லர். என்ன செய்வார்? வந்தவர் திரும்பிப் போனார். சற்று நேரத்தில் ஒரு முகம்மதியர் வந்தார். அதே துயரம், அதே வேண்டுகோள், அதே மறுப்பு. பின்னர் உயர்குடி இந்து ஒருவர் மூன்றாமவராக வந்தார். அவரும் அவ்வாறே திரும்பினார்.

அன்றிரவு ஐடா உறங்கவில்லை. விடிந்ததும் செய்தி அறிய ஆள் அனுப்பினார். மூன்று பெண்களும் இறந்துவிட்டனர்.

மூவரும் மூன்று பிரிவினர். பழக்க வழக்கங்களில் ஒருவருக்கொருவர் எத்தனையோ வேற்றுமை உடையவர்கள். ஆனால் பெண்ணின் உயிரைவிட ஒரு வழக்கத்தைப் பெரிதாகக் கருதியதில் மூவரும் ஒன்றுபட்டனர். அவர்கள் மனைவியர்மீது அன்பில்லாதவர்கள் அல்லர். அன்பில்லாவிட்டால் நள்ளிரவில் அயலார் வீட்டுக் கதவைத் தட்ட வந்திருப்பார்களா? அன்பு இருந்தது, வைத்தியம் செய்ய ஒரு பெண் இல்லை. அதுவே அந்த மூன்று சாவுக்கும் காரணம்.

அதற்கு முன்பே சென்னை நகரில் பெண் மருத்துவர்கள் தோன்றியிருந்தனர். 1875இல் மேரி ஷார்லீப் என்ற ஆங்கிலப் பெண்மணி வேறு மூன்று பெண்களோடு சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து படித்தார். ஆடவரிடம் வைத்தியம் பார்க்க வராத பெண்களுக்கென 1885இல் சென்னையில் அவர் முயற்சியால் ஒரு மருத்துவமனை தோன்றியது. அதுவே இன்றைய கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை. ஆனால் சென்னையில் இருந்த மருத்துவமனை திண்டிவனத்துப் பெண்ணுக்கு அன்றிரவு உதவவில்லை. நகரில் இருக்கும் வைத்தியம் கிராமத்துக்கு இல்லாத வைத்தியமே என்பதை அந்த இரவு காட்டியது.

கற்று வந்த மருத்துவம்

ஐடா அமெரிக்கா திரும்பினார், ஆனால் திருமணத்துக்காக அல்ல. 1895இல் பிலடெல்பியாவில் பெண்கள் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். நம் நாட்டின் ஆனந்திபாய் ஜோஷி 1886இல் பட்டம் பெற்ற அதே கல்லூரி அது. ஆனந்திபாயும் பதினான்கு வயதில் பெற்ற குழந்தையைப் பத்தே நாட்களில் இழந்த துயரத்தால் மருத்துவம் படிக்கப் புறப்பட்டவர் என்பதை இங்கு நினைக்கலாம். பின்னர் நியூயார்க் நகரத்துக் கார்னெல் மருத்துவக் கல்லூரி பெண்களையும் சேர்க்கத் தொடங்கியதும் ஐடா அங்கே மாறி, 1899இல் பட்டம் பெற்றார். அக்கல்லூரியில் முதன்முதலாகப் பட்டம் பெற்ற பெண்களுள் அவரும் ஒருவர்.

புறப்படுமுன் வேலூரில் பெண்களுக்கு ஒரு மருத்துவமனை கட்டப் பொருள் திரட்டினார். நியூயார்க் வங்கியாளரான ஷெல் என்பவர் தம் மறைந்த மனைவியின் நினைவாகப் பத்தாயிரம் டாலர் அளித்தார். அந்த நிதியோடு 1900ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஐடா தமிழ்நாடு வந்து சேர்ந்தார். தந்தையாரிடம் சில காலம் பயிற்சி பெறலாம் என எண்ணியிருந்தார். அந்த ஆண்டிலேயே தந்தையார் காலமானார். இருபத்தொன்பது வயதில், கேட்டுத் தெரிந்துகொள்ள மூத்த மருத்துவர் ஒருவரும் அருகில் இல்லாமல், அவர் தனியே நின்றார்.

ஒற்றை அறையில் தொடக்கம்

மருத்துவமனை இன்னும் எழவில்லை. குடும்பத்தார் வாழ்ந்த வீட்டில், பத்தடிக்குப் பன்னிரண்டடி கொண்ட சிறிய அறை ஒன்றே மருந்தகம். படுக்கை ஒன்று. வீட்டாரோடு இருந்த சலோமி என்ற பெண்ணே உதவியாள். அவளுக்கு மருத்துவம் எதுவும் தெரியாது. கட்டுத்துணியை எப்படிப் பிடிப்பது, கருவியை எப்படிக் கொதிநீரில் இடுவது என்பதை ஐடாவே கற்பித்தார். முதலில் மக்கள் அஞ்சினர். பின்னர் வாசலில் நிற்க இடமில்லாமல் வரலாயினர். இரண்டு ஆண்டுகளில் சுமார் ஐயாயிரம் பேர் அங்கே வைத்தியம் பெற்றனர்.

1902இல் மேரி டேபர் ஷெல் நினைவு மருத்துவமனை நாற்பது படுக்கைகளோடு திறக்கப்பட்டது. மருத்துவர் அவர் ஒருவரே. பேறுகாலத்தில் பெண்களைக் கொல்பவை பெரும்பாலும் நான்கு: அடங்காத இரத்தப்போக்கு, கிருமியால் வரும் காய்ச்சல், வலிப்பு, குழந்தை குறுக்கே கிடந்து வெளிவர முடியாமை. கையைக் கிருமிநாசினி நீரில் கழுவினாலே பேறுகாலக் காய்ச்சல் பெரிதும் குறையும் என்று 1847இல் வியன்னா நகரில் செம்மல்வைஸ் என்ற மருத்துவர் காட்டியிருந்தார். ஆனால் பென்சிலின் போன்ற மருந்துகளோ இரத்த வங்கியோ அன்று இல்லை. கையின் தூய்மையும் காலத்தில் வந்து சேருவதுமே ஒரு தாயைக் காக்கும் பெரிய மருந்துகளாக இருந்தன.

காலத்தில் வந்து சேருவது எப்படி? பெரும்பாலோர் உள்ளூர் முயற்சிகள் எல்லாம் தோற்ற பிறகே, இரண்டு மூன்று நாள் வலியோடு மாட்டுவண்டியில் வந்தனர். மக்கள் வரும்வரை காத்திருப்பதில் பயனில்லை என்று உணர்ந்த ஐடா, 1906 முதல் தாமே கிராமங்களை நோக்கிச் சென்றார். குடியாத்தம் சாலையில் மரத்தடிகளில் நின்று வைத்தியம் பார்த்தார். முதலில் மாட்டுவண்டி, 1909 வாக்கில் பெஜோ மோட்டார் வண்டி ஒன்று வந்தது. குறித்த நாளில் குறித்த மரத்தடியில் நோயாளிகள் வரிசையாக அமர்ந்து காத்திருப்பது வழக்கமாயிற்று. இன்று நம் ஊர்களுக்கு வரும் நடமாடும் மருத்துவக் குழுக்களுக்கு இதை ஒரு முன்னோடி எனலாம்.

இரண்டு கைகள் போதா

இவ்வளவோடு நின்றிருந்தால் ஐடா அம்மையார் ஒரு நல்ல மருத்துவர் என்ற பெயரோடு முடிந்திருப்பார். அவர் பெருமை இனிமேல்தான் தொடங்குகிறது என்பது என் கருத்து.

தாம் ஒரு வீட்டில் பேறு பார்த்துக்கொண்டிருக்கும் அதே வேளையில் வேறு எத்தனை வீடுகளில் கதவு தட்டப்படாமலே பெண்கள் இறக்கின்றனர் என்று அவர் எண்ணிப் பார்த்தார். அமெரிக்காவிலிருந்து பத்து மருத்துவர் வந்தாலும் இந்த நாட்டுக்குப் போதாது. இந்த மண்ணின் பெண்களே கற்க வேண்டும். இம்முடிவோடு 1909இல் செவிலியர் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். அடுத்துப் பெண்களுக்கு மருத்துவப் பள்ளி வேண்டும் என்று கேட்டபோது, மருத்துவம் படிக்க முன்வரும் பெண்கள் கிடைப்பார்களா என்று அரசின் மருத்துவத் தலைமை அதிகாரியே ஐயப்பட்டார்.

1918ஆம் ஆண்டு ஆகஸ்ட் 12ஆம் நாள் வேலூரில் அப்பள்ளி திறக்கப்பட்டது. பதினேழு பெண்கள் சேர்ந்தனர். போதிய கட்டடமில்லை, போதிய ஆசிரியரில்லை. ஐடாவே பாடம் நடத்தினார், அறுவை செய்தார், இரவில் பேறு பார்த்தார். 1922இல் அவர்களுள் பதினான்கு பெண்கள் எல்.எம்.பி. பட்டயம் பெற்று வெளியேறினர். மூன்று கதவு தட்டல்களுக்கு விடையாகப் பதினான்கு பெண் மருத்துவர்கள் எழுந்தனர். அவர்களுக்குப் பின்னும் ஆண்டுதோறும் ஓர் அணி புறப்பட்டது.

சோதனையும் விட்டுக்கொடுத்தலும்

ஐடா அம்மையாருக்கு அறுபத்தேழு வயதானபோது பெரும் சோதனை வந்தது. எல்.எம்.பி. படிப்பை நிறுத்தி, மருத்துவர் ஆவோர் அனைவரும் எம்.பி.பி.எஸ். பட்டமே பெற வேண்டும் என்று சென்னை அரசு முடிவு செய்தது. பட்டக் கல்லூரியாக உயர்த்த மிகுந்த பொருளும் பேராசிரியர்களும் படுக்கைகளும் வேண்டும். இல்லாவிட்டால் மூட வேண்டும். 1941இல், எழுபது வயதைக் கடந்த நிலையில், போர்க்காலத்தில் அமெரிக்கா சென்று ஊர் ஊராகப் பொருள் திரட்டினார்.

பல சபைகள் சேர்ந்து உதவ முன்வந்தன. அதற்காக ஆண்களையும் சேர்க்கும் கல்லூரியாக அது மாற வேண்டியிருந்தது. பெண்களுக்கென்றே பணம் கொடுத்து நெடுங்காலம் துணை நின்ற தோழியர் சிலர் இதை நம்பிக்கைத் துரோகமாகக் கருதி விலகினர். பெண்கள் கல்லூரியாகவே வைத்து மூடிவிடுவதா, இருபாலர் கல்லூரியாக்கி வாழவைப்பதா? வாழவைப்பதையே ஐடா தேர்ந்தார். 1942இல் எம்.பி.பி.எஸ். வகுப்பு தொடங்கியது. 1947இல் ஆண்கள் சேர்க்கப்பட்டனர். 1946இல் செவிலியருக்கும் பட்டப்படிப்பு வந்தது. ஆடவர் தொடக்கூடாது என்ற வழக்கத்தால் பிறந்த நிறுவனம் ஆணும் பெண்ணும் சேர்ந்து பயிலும் இடமாயிற்று. சொந்தக் கொள்கையைவிடத் தாம் தொடங்கிய பணியைப் பெரிதாகக் கருதுவது எளிதன்று.

1946இல் அவர் ஓய்வு பெற்றார். அடுத்த சில ஆண்டுகளுக்குள் பொறுப்பு டாக்டர் ஹில்டா லாசரஸ் என்னும் இந்தியப் பெண்மணியிடம் வந்தது. விசாகப்பட்டினத்தில் பிறந்த அவரும் பேறுகால மருத்துவத்தில் வல்லவர். அந்நியர் ஒருவர் தொடங்கிய பணியை இந்நாட்டவர் கையில் ஒப்படைத்துவிட்டு, தாம் உயிரோடு இருந்து அதைக் கண்ணாரக் காணும் பேறு ஐடாவுக்குக் கிட்டியது. டாக்டர் ஐடா, இந்தியா என்று மட்டும் முகவரி எழுதிய கடிதமும் அவரை வந்தடைந்ததாகக் கூறுவர். திருமணம் செய்துகொள்ளாமலே வாழ்ந்த அவர், 1960ஆம் ஆண்டு மே மாதம் கொடைக்கானலில் தம் எண்பத்தொன்பதாம் வயதில் மறைந்தார்.

அவர் சமயப் பணியாளராக வந்தவர் என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் திண்டிவனத்தில் கதவைத் தட்டியவர்கள் எந்தச் சமயத்தவர் என்று பார்த்து அவர் அழவில்லை.

என் ஆச்சியின் கதை

இவற்றையெல்லாம் நான் ஆச்சிக்கு வாசித்துக் காட்டினேன். ஐடா அம்மையாருக்குத் தெரிந்த மருத்துவம் ஆச்சிக்குத் தெரியாது. ஆனால் வயிற்றைத் தொட்டே குழந்தையின் தலை எங்கிருக்கிறது என்று சொல்லுவார். விளக்கெண்ணெயும் நூலும் கருக்கரிவாளுமே அவர் கருவிகள். கூலி என்றால் ஒரு படி கம்போ, பழஞ்சேலையோதான்.

திண்டிவனத்துக் கதையைக் கேட்டதும் ஆச்சி நெடுநேரம் பேசவில்லை. பிறகு, எங்களிடம் இதுவரை சொல்லாத ஒன்றைச் சொன்னார். ஐம்பது ஆண்டுகளுக்கு முன், ஓர் ஐப்பசி மழையில், பக்கத்து ஊர்ப் பெண் ஒருத்தி பிள்ளை பெற்றாள். பிள்ளை அழுதது, நஞ்சுக்கொடி விழவில்லை, இரத்தம் நிற்கவில்லை. கூண்டு வண்டியில் ஏற்றிச் சங்கரன்கோவிலுக்குப் புறப்பட்டனர். கரிசல் மண் சேறாகிச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டது. ஆச்சியின் மடியில் தலை வைத்தபடியே, கோயில் கோபுரம் கண்ணில் படுவதற்குள் அவள் போய்விட்டாள். அன்று முதல் ஆடித்தபசுக்குப் போகும்போதெல்லாம் அந்த இடத்தில் ஆச்சி தலையைக் குனிந்துகொள்வாராம். கூட்டத்துக்கு அஞ்சிக் குனிவதாக நாங்கள் எண்ணியிருந்தோம்.

பிற்காலத்தில் கிராமத்து மருத்துவச்சிகளுக்கு அரசு பயிற்சி அளித்தபோது, ஆச்சியும் சேர்ந்தார். சோப்பும் புது பிளேடும் கொதிக்க வைத்த நூலும் கொடுத்தார்கள். முதல் நாள் பாடம் கை கழுவுவது. இதை முன்பே யாராவது சொல்லியிருக்கலாமே என்று அன்று நினைத்ததாக ஆச்சி சொன்னார். பயிற்சி கொடுத்தவர் ஒரு செவிலியர். அவருக்குக் கற்பித்தவர் யாரோ; அவருக்கும் கற்பித்தவர் யாரோ. அந்தச் சங்கிலி ஏதோ ஓரிடத்தில் வேலூரின் ஒற்றை அறையில் சலோமிக்குக் கற்பித்த ஐடாவைத் தொடும் என்றே நான் நினைத்துக்கொள்கிறேன்.

இன்று நிலை மாறிவிட்டது. 1987இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரால் பேறுகால நிதியுதவித் திட்டம் வந்தது. கிராம சுகாதார செவிலியர் வீடு தேடி வருகின்றனர். 2008 முதல் 108 ஊர்தி ஓடுகிறது. 2018–20ஆம் ஆண்டுக் கணக்கின்படி, ஒரு இலட்சம் உயிர்ப் பிறப்புகளுக்கு இந்தியாவில் 97 தாய்மார் இறந்தனர், தமிழ்நாட்டில் 54. ஆனால் உலகம் முழுதும் 2023ஆம் ஆண்டில் மட்டும் சுமார் 2,60,000 பெண்கள் பேறுகாலத்தில் மாண்டனர் என உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டுள்ளது. நாளொன்றுக்கு எழுநூறு பேருக்கு மேல். அவர்களுள் மிகப் பலர் ஆப்பிரிக்கப் பெண்கள். நம் ஊரில் வண்டி சேற்றில் சிக்கிய காலம் போய்விட்டது. அங்கே இன்னும் சிக்கிக்கொண்டிருக்கிறது.

முடிவுரை

கதை முடிந்தபின் ஆச்சி அக்காவைக் கூப்பிட்டு அருகில் இருத்திக்கொண்டார். போவதானால் போகட்டும் என்றார். ஆனால் அங்கே எத்தனை பிள்ளை எடுத்தாய் என்று திரும்பி வந்ததும் தாம் கேட்கப் போவதில்லை, எத்தனை பேருக்குச் சொல்லிக்கொடுத்தாய் என்றுதான் கேட்கப் போவதாகச் சொன்னார். எழுத்தறியாத என் ஆச்சி, ஐடா அம்மையார் வாழ்க்கையின் சாரத்தை ஒரு மூச்சில் பிழிந்து கொடுத்துவிட்டார். பெரியப்பா இன்னும் முழு மனத்தோடு இசையவில்லை. ஆயினும் அன்றிரவு அவரே கடவுச்சீட்டுக்கு என்னென்ன தாள்கள் வேண்டும் என்று அக்காவிடம் கேட்டார்.

மாணவ நண்பர்களே! நம்முள் எல்லாரும் மருத்துவராகப் போவதில்லை. எல்லாரும் கடல் கடக்கப் போவதுமில்லை. ஆனால் ஏதோ ஓர் இரவில் நம் கதவும் தட்டப்படும். அன்று உதவத் தெரியாமல் நின்றால் அது குற்றமாகாது. ஐடாவும் அப்படித்தான் நின்றார். விடிந்த பிறகும் கற்றுக்கொள்ளாமல் இருப்பதே குற்றம். கற்றதை நம் இரண்டு கைகளோடு முடித்துக்கொள்ளாமல் இன்னொருவர் கைக்கு மாற்றுவோமாக.